மூன்றாம் மாதிரி

பள்ளியைப் பாதியில் விட்டவள், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு படித்துப் பள்ளிச் சான்றிதழை வாங்கினாள். கார் உரிமத்தை நான்காவது முயற்சியில் வாங்கினாள். மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் இரண்டு பட்டம் வாங்கினாள். ஒரு பனிக்காலத்தில் கார் பள்ளத்தில் இறங்கிவிட, நிலக்கரி லாரியில் ஏறித் தேர்வுக்குப் போனாள். பெரிய ஊர்ப் பட்டங்களோடு வந்த பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டி நிரந்தர வேலையை வாங்கினாள். மாவட்டத் திருவிழாவில் ஆப்பிள் அடுக்குக் கேக்கின் முதல் பரிசை, அதைக் குடும்பச் சொத்துபோல வைத்திருந்த சர்ச் பெண்களிடமிருந்து வாங்கினாள். இந்தக் கடைசியை மட்டும் அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள். மற்றவற்றை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தங்கை ரோவேனா, கென்டக்கி மலைப் பக்கத்தில் எங்கள் ஊரின் இரண்டு வருடக் கல்லூரியில் கட்டுரையும் இலக்கியமும் சொல்லித்தருகிறாள். செவிலியராகப் போகிறவரும் வெல்டராகப் போகிறவரும் அந்த ஒரு பாடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதே கல்லூரியின் சமையலறையில் எனக்கு வேலை. நான் எட்டாவதோடு நின்றவள்.

வீட்டில் நல்ல சலவை இயந்திரம் இருக்கிறது. ஆனாலும் கட்டுரை திருத்தும் நாட்களில் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு, காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போய்விடுவாள். "அங்க எல்லாரும் அவங்கவங்க அழுக்கைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்கக்கா. என்னை யாரு பாக்கப்போறா?" என்பாள். முதல் முறை படிக்கும்போது கையில் பென்சில் இருக்காது. அதைக் காரிலேயே விட்டுவிட்டு வருவாள். துணி காய்கிற நேரத்தில் போய் எடுத்து வந்து, இரண்டாம் முறை படித்து, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுவாள். பெரும்பாலும் "சரி, அதனால என்ன?" என்பதுதான் அது. அவளுடைய பிறந்த நாளுக்கு மாணவர்கள் கேக்கின் மேல் பெயருக்குப் பதிலாக அதையே எழுதி வாங்கி வந்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு, "கேள்விக்குறி எங்க?" என்று கேட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய அலுவலகம் என் உணவுக்கூடத்தின் ஜன்னலோர மேசைதான். பீன்ஸ் சூப்பில் சோள ரொட்டியை உதிர்த்துப் போட்டுக்கொண்டே, தேடி வரும் மாணவர்களைப் பார்ப்பாள். சென்ற பருவத்தில் அதிகமாக வந்தவன் டெல்பர்ட். சுரங்கம் மூடியதால் வேலை போனவன், நாற்பதைத் தாண்டியவன். மருத்துவமனையில் மூச்சுக் கருவி பார்க்கும் வேலைக்கான படிப்பில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் இந்தப் பாடத்தில் தேறினால்தான் அந்த இடம் நிற்கும்.

"மிஸ் ரோவேனா, எனக்கு மூக்குல குழாய் மாட்டத் தெரிஞ்சாப் போதும். கதையில வர்றவன் ஏன் தூங்கலைன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

"ராத்திரி ஒரு கிழவன் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, தூங்கமாட்டேன்னு உக்காந்திருப்பான் டெல்பர்ட். அப்ப என்ன செய்வ, குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்குவியா?"

"டாக்டரைக் கூப்பிடுவேன்."

"அவரு தூங்கிட்டிருப்பாரு. போய் எழுதிட்டு வா."

அவர்கள் பேசியது பாடத்தில் இருந்த ஒரு கதையைப் பற்றி. புதிதாகக் கூரை போட்ட வீட்டில், முதல் மழை பெய்யும் இரவில் ஒருவன் தூக்கம் வராமல் எழுந்து உட்காருகிறான். ஏன் என்று கதை சொல்வதில்லை. டெல்பர்ட் எழுதிக் கொடுத்ததில் அந்தக் கதையே இல்லை. சுரங்கத்துக்குள் காற்று அனுப்பும் பெரிய காற்றாடி இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்ததையும், அது நின்ற பிறகு தன் தெருவில் யாருக்கும் தூக்கம் வராததையும் எழுதியிருந்தான்.

எங்கள் கல்லூரியில், பருவத்தின்போது எழுதிய கட்டுரைகளைப் பருவ முடிவில் சொந்த ஆசிரியர் மதிப்பிடக் கூடாது. பெயரை நீக்கி, கோப்பில் போட்டு வேறு இருவரிடம் கொடுப்பார்கள். ஆட்சேபம் இருந்தால் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பழைய மாதிரிக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு முடிவு செய்வார்கள். ரோவேனா அதுவரை தூரத்துக் கிளையில் பகுதி நேரமாக இருந்தவள். நிரந்தரமானபின் அந்த டிசம்பரில்தான் இந்த மேசைக்கு முதன்முதலாக வந்தாள். டெல்பர்ட்டை இருவருமே தேறவிடவில்லை. அவள் ஆட்சேபம் சொல்லியிருந்தாள்.

நான் காபி ஊற்ற உள்ளே போனபோது துறைத் தலைவர் லீத் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், குவளையை நீட்டும்போதுகூட நன்றி சொல்லிவிட்டுத்தான் நீட்டுவார்.

"இது அப்படியே நம்ம மூணாம் மாதிரிங்க. ரோவேனா புதுசுங்கறதால வாசிச்சுக் காட்டறேன். இதே கதை. இருபது வருஷமா, எது தேறாதுன்னு காட்ட இதைத்தான் வச்சிருக்கோம்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "எங்கள் கூரையில் எந்த ஓட்டைக்கு எந்தப் பாத்திரம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஊறுகாய் ஜாடிதான் பிடிக்கும், அது பாடும். கூரையைச் சரிசெய்த பிறகு வந்த முதல் மழையில் நாங்கள் யாரும் தூங்கவில்லை."

மேசையில் ஒருவர் சிரித்தார். "கதையைப் பத்திக் கேட்டா ஜாடியைப் பத்திச் சொல்லுது."

நான் காபி ஜாடியோடு அப்படியே நின்றேன். அந்த அக்கா நான்தான். இதே கல்லூரியில் இதை எழுதிக் கொடுத்த பருவத்தில் ரோவேனாவைத் தேறவிடவில்லை. அவள் படிப்பை விட்டாள். திரும்பி வர ஐந்து வருடம் ஆயிற்று. அந்த மேசையில் இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. நிரந்தரமான முதல் வருடம் சோதனை வருடம், பிடிக்கவில்லை என்றால் வேலையைவிட்டு அனுப்பிவிடலாம்; தெரியாமல் இருப்பதே அவளுக்கு நல்லது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கதை இதுலதான் இருக்கு," என்றாள். "அந்த ஆளு ஏன் தூங்கலைன்னு இந்தப் பொண்ணு சொல்லிட்டாளே. சத்தம் நின்னுபோச்சு, அதான். நான் கொடுத்த கோப்புலயும் அதேதான் இருக்கு."

"பொண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் லீத்.

பிறகு அவரே, "நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா இதைத் தேறவச்சாத்தான் அதையும் தேறவைக்க முடியும். மாதிரியோட முடிவை மாத்தணும்னா ஒருத்தர் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போடணும்" என்று அந்த மாதிரித் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

டெல்பர்ட்டின் கோப்பில் அவர் "தேர்ச்சி" என்று எழுதியது அதற்குப் பிறகு. அதற்கு முன்னால் என் தங்கை பக்கத்திலிருந்தவரிடம் பேனா வாங்கினாள். ஆசிரியர் கையெழுத்துப் போடும் அடிப்பக்கத்தை விட்டுவிட்டு, தாளின் உச்சியில், பெயரை வெட்டியெடுத்த இடத்துக்குப் பக்கத்தில், கல்யாணத்துக்கு முந்தைய பெயரை முழுதாக எழுதினாள்: ரோவேனா ஃப்யூகேட். அதன் கீழே, அந்தக் கட்டுரையில் முதல் தடவை அந்தப் பெயரைப் போட்டுக் கொடுத்த நாளையும் எழுதினாள். 1993 அக்டோபர் 21.