தட்டில் வைத்துக் காட்டிய கட்டி

எங்கள் பக்கத்து சர்ஜன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வயிற்றிலிருந்து எடுத்ததை எவர்சில்வர் தட்டில் வைத்து, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் காட்டியாக வேண்டும். கட்டி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு கைராசி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. சினைப்பைப் புற்றுநோய்க் கட்டிக்குள் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்பதை அதன் ஆர்.என்.ஏ.வை வைத்துப் படிக்கிற வேலை. உடம்பை விட்டு வெளியே வந்ததுமே ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும், உடனே உறைய வைத்தால்தான் உண்டு. அதற்காக உலர்பனி நிரப்பிய தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போனேன். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த ஓர் அக்கா ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார்.

“எங்க ஆத்தாளும் வயிறு வீங்கித்தான் செத்தா. எம் மகளுக்கும் வந்துரக் கூடாது. ஏதாச்சும் கண்டுபிடிங்க தாயி” என்று சொல்லித்தான், கட்டியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு கட்டியிலிருந்து அவ்வளவு தெரியாது என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

கட்டி வந்தது, தேங்காய்த் தண்டி. பெட்டியைத் திறந்தேன். சர்ஜன் தட்டோடு என்னைத் தாண்டிப் போனார்.

“சார், உடனே ஐஸ்ல வைக்கணும்.”

“செத்த நேரம் பொறும்மா. அவ மாமனார் வீட்டு ஆளுக கூமாப்பட்டியில இருந்து வந்துக்கிட்டிருக்காக. அவிய பாக்கட்டும், பொறவு நீ வெட்டிக்கோ.”

கூமாப்பட்டி பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. அதுவரை சித்திரைப் புழுக்கத்தில், கத்தரிக்காய் பொறுக்குகிறவர் மாதிரி அந்த மனிதர் வெளியே இருந்தவர்களுக்கெல்லாம் கட்டியைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு “எம்புட்டுப் பெருசு!” என்றார்கள். அப்புறம் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்கள். அந்தப் படித்த மூடனுக்கு ஏற்ற கூட்டம். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் கோபித்துக்கொண்டால் அடுத்த கட்டி கிடைக்காதே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மதுரையில் ஜெல்லில் ஓட்டிச் சோதித்தபோது, ஆர்.என்.ஏ. கெடாமல் இருந்தால் தெளிவாக இரண்டு கோடுகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே தீற்றல். ஆர்.என்.ஏ. மொத்தமும் நொறுங்கிப் போயிருந்தது. சர்ஜனிடம் சொன்னதற்கு, “அடுத்த கேஸ்ல பாத்துக்கலாம்மா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தையல் பிரிக்கும் நாளில் அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டிலோரம் மகள் உட்கார்ந்திருந்தாள்.

“எங் கட்டி என்ன சொல்லுச்சு தாயி?”

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். “பாத்துக்கிட்டிருக்கோம்க்கா” என்றேன்.

அவர் மகளின் தலையைத் தடவினார். “ஏட்டி, இனி ஒனக்குப் பயமில்ல. மதுரையில பாத்துக்கிட்டிருக்காக.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.