அய்யா கேட்ட தம்பி

எங்கள் அய்யாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பாம்பனில் பிறந்த அய்யா, மீசை முளைக்கும் முன்பே மீன்பிடி வல்லம் ஏறியவர். தந்தையை இழந்த வீட்டில் தம்பிக்கும் அவரே தந்தையானார். பின்னர் இருவரும் ஒரே வல்லத்தில் தொழில் செய்தார்கள். ஒருமுறை வல்லம் கவிழ்ந்தபோது, கை சோர்ந்த அய்யாவை விடியும்வரை தாங்கிப் பிடித்தவர் அந்தத் தம்பி, என் சித்தப்பா. அதை அய்யா சொல்லாத பண்டிகை இல்லை. மகளான என்னை மருத்துவக் கருவிப் பொறியியல் படிக்க வைத்ததும் அந்த வல்லம்தான்.

சென்ற ஆண்டு நுரையீரல் தொற்றால் அய்யா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். செயற்கைச் சுவாசத்தை எடுத்த மறுநாள் அவருக்கு ஆளும் இடமும் பிடிபடவில்லை. மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்காதபடி சித்தப்பா அவர் கையைப் பிடித்திருந்தார். என் தாய்மாமாவும் நானும் அருகில் நின்றோம்.

“கைய விடுலே. அன்னைக்கும் நீதானலே என்னையத் தண்ணிக்குள்ள அமுக்குன” என்றார் அய்யா.

சித்தப்பா கையை விட்டார். வாசலில் என்னிடம், “அண்ணன் மனசுல இதுதான் கெடந்துருக்கு தாயி” என்றார். பிறகு அவர் மருத்துவமனைக்கு வரவில்லை. அய்யா சொன்ன அந்தப் பேச்சு மட்டும் ஊர்வரை போனது.

மருத்துவர் அன்றே எனக்கு விளக்கினார். கடும் நோயில் கிருமியும் மருந்தும் உறக்கமின்மையும் மூளையைக் குழப்பும். பழைய நினைவு தலைகீழாகக்கூடப் புரளும். பேசுவது மனம் அல்ல, நோய்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலைதோறும் எழுதினேன்: காய்ச்சல், ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், சிறுநீர். மருத்துவர் சொன்ன இதை மட்டும் எழுதவில்லை. அய்யாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொல்லும் என அஞ்சினேன். அவர் பெயரைக் காப்பதாக எண்ணி, சித்தப்பாவின் பெயரைக் கெடவிட்டேன்.

சில நாளில் அய்யா தெளிந்தார். தாம் சொன்னது எதுவும் அவருக்கு நினைவில்லை. கஞ்சி கேட்டுக் குடித்தார்.

“தம்பி எங்க, ஆத்தா?”

“கடலுக்குப் போயிருக்காக, அய்யா.”

பலத்த காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டிருந்தது. “இந்தக் காத்துலயா?” என்றார். பிறகு வாசலையே பார்த்திருந்தார்.

மறுநாள் சித்தப்பாவை அழைத்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் தொற்று திரும்பியது. அய்யா அதன்பின் கண் திறக்கவில்லை.

அய்யாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த தம்பிமார், கல்லறைவரை வந்த பங்கு மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பா, அடக்கத்தன்று நீங்கள் கூட்டத்தின் கடைசியில் நின்றீர்கள். பெட்டிக்கு முதல் தோள் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அந்த வாரமே வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். “சரி விடு தாயி” என்றீர்கள். ஆனால் ஊர் கேட்டதை ஊர் முன்னால்தான் திருத்த வேண்டும். அய்யா தெளிந்த மனதோடு கடைசியாகத் தேடியது உங்களைத்தான்.