ஆடை படியாத பால்

ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பாலாடை என் மாமியாரின் சொத்து. சுங்கை பாக்காப் ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்த என் கணவர், வேலை முடிந்து வரும்போது அங்கே மாடு வளர்ப்பவரிடம் கறந்த பாலைத் தூக்குவாளியில் வாங்கி வருவார். காய்ச்சி ஆறவைத்து ஐஸ்பெட்டியில் வைப்பது நான். காலையில் ஆடையை வழித்து நெய்க்குச் சேர்ப்பது அத்தை.

ஒரு வாரமாக ஆடையே படியவில்லை. பேருக்கு ஒரு மெல்லிய தோல்.

"ஆடை எங்கே?" என்றார் அத்தை.

"படியலை அத்தே."

"படியாம எங்கே போகும்? வழிச்சு உங்கம்மா வீட்டுக்குக் கொண்டு போறியா? திருட்டுப் பழக்கம்!"

எதிரே கணவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறவள் நான். பாலின் கொழுப்பு தண்ணீரைவிட லேசு, மேலே வந்தே தீரும். ஆனால் தொழிற்சாலையில் பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய இடுக்கு வழியே பீய்ச்சிக் கொழுப்புத் துளிகளை உடைத்துவிடுகிறார்கள். அவ்வளவு பொடித் துளிகள் மேலே ஏறாது, பாலோடு பாலாகவே கிடக்கும். அப்படியானால் இது கறந்த பாலே இல்லை.

கீழே நிறுத்தியிருந்த கணவரின் காடியில் பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்தேன். நசுக்கிய பால் பெட்டிகள், ஒரு பை நிறைய. கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினேன்.

"மாட்டுக்காரர் வீடு சுத்து வழி லா," என்றார் கணவர். "சூப்பர்மார்க்கெட்ல வாங்கி வாளியில ஊத்தினேன். இதைப் போய்ப் பெருசாக்குறே."

"என்னைத் திருடின்னு சொன்னப்ப எதிர்லதானே உக்காந்திருந்தீங்க? இந்தப் பால்ல ஆடை படியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சொன்னா அம்மா ஏசுவாங்கன்னு..."

அவர் ஏச்சு வாங்கக் கூடாது, அதற்கு நான் திருடியாக இருக்கலாம்.

அத்தை தன் மகன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார். "பாவம், பிள்ளை களைச்சு வருது."

"என்னைச் சொன்னதுக்கு என்ன அத்தே?"

"சும்மா கேட்டதுதானே."

தூக்குவாளியைக் கணவர் முன்னால் வைத்தேன். "இனி வாங்குறதும் காய்ச்சுறதும் நீங்க." அன்றிலிருந்து அவர்தான் காய்ச்சுகிறார், அடிக்கடி பொங்கவிட்டு அடுப்பைப் பாழாக்குகிறார். நான் துடைப்பதில்லை. அத்தை இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் கோபம் தீரவில்லை.