பொட்டு வைத்த ஸ்டவ்

நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கிய வருடம் தீபாவளிக்கு மலாக்கா டவுனில் ஒரு பம்பு ஸ்டவ் வாங்கினேன். காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல் சாமி படத்தின் முன் வைத்துச் சந்தனம், குங்குமப் பொட்டு வைத்தேன். பிறகுதான் பற்றவைத்தேன். அடியில் மண்ணெண்ணெய் கசிந்தது.

உடனே அணைத்துக் கடைக்குத் தூக்கிப் போனேன். முதலாளி பொட்டைத்தான் பார்த்தார். "பூசை போட்டுட்டீங்களேம்மா, இனி இதை யாரு வாங்குவா? சோப்பு வெச்சு அடைச்சுக்குங்க, எரியும்" என்றார்.

அடைத்தோம். மறுவாரம் என் தங்கை ராஜம் தோசை சுடும்போது அது வெடித்தது. முகத்தில் ஒரு பக்கம் வெந்துபோனது. அவளுக்குப் பூவும் பொட்டும் வைத்துத் தை மாதம் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார், கட்டில் பக்கம்கூட வரவில்லை. "வேற இடம் பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது எந்தச் சாமானையும் கடையிலேயே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பொட்டெல்லாம் அப்புறம்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பொட்டு வைத்த ஸ்டவ்வைத்தான் திருப்பிக் கொடுக்க முடியாது. பொட்டு வைத்த பெண்ணை வேண்டாமென்று சொல்ல அந்த அம்மாளுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை.