ஈரத்துக்குக் கழித்த எடை

சோலைச்சாமிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. உப்பில்லாத சோறு, அளந்து ஊற்றிய தண்ணீர், வேளை தவறாத மாத்திரை. இத்தனையும் சகித்தும் கால் வீக்கம் வடியவில்லை. தை பிறந்தால் கோவில்பட்டி கமிஷன் கடையில் உளுந்தும் பாசிப்பயறும் வந்து குவியும். முப்பது வருஷமாக அங்கே எடை போடுகிறவர் அவர்தான். ஒரு மாதம் உடம்பு எடை ஏறாமல் இருந்தால் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சுதாராணி சொல்லியிருந்தார்.

இதயம் தளர்ந்துவிட்டது என்று சொன்ன அன்றைக்கே டாக்டர் விளக்கமும் சொன்னார். இதயத் தசைக்குள் அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது. கூடவே இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி ஒரு சேதமும் நடக்கிறது. ஒன்றையொன்று தூண்டிவிட்டு இரண்டுமாக இதயத்தை இன்னும் தளர்த்துகின்றன. அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது. துரு என்றதும் சோலைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைத் தராசுக்கு வெள்ளிதோறும் எண்ணெய் போடுகிறவராயிற்றே, இதற்கு என்ன எண்ணெய் என்று கேட்டார். அப்படி ஒன்று இன்னும் வரவில்லை, மாத்திரையை விடாதீர்கள், தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள், இரண்டு கிலோ கூடினால் அன்றைக்கே வாருங்கள் என்றார் டாக்டர்.

எடை எழுத அவருக்கா சொல்லித்தர வேண்டும்? மகள் வாங்கிக் கொடுத்த மெஷினில் தினமும் ஏறினார். நோட்டில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு என்றே வந்தது. ஆனால் படுத்தால் மூச்சு முட்டியது. மனைவி கோமதியம்மாள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் நோட்டைக் காட்டி அவள் வாயை அடைத்தார்.

டாக்டர் சொன்ன தேதி வந்தது. ஆஸ்பத்திரி மெஷின் அறுபத்து மூன்று காட்டியது. மெஷின் கோளாறா என்று கோமதியம்மாள் கேட்டாள். டாக்டர் குனிந்து அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவே இல்லை.

"வீட்ல எவ்வளவு காட்டுச்சு? உள்ளதைச் சொல்லுங்க அண்ணாச்சி."

"அங்கயும் அறுபத்து மூணுதான் டாக்டரம்மா. நான் ஈரத்துக்குக் கழிச்சு எழுதுதேன்."

இதில் மறைக்க அவருக்கு ஒன்றும் இல்லை. ஈர உளுந்து வந்தால் மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி கிலோவைக் கழிப்பார். விளைந்ததைக் கொண்டுவந்த கரிசல்காட்டுச் சம்சாரி எவ்வளவு கத்தினாலும் விட மாட்டார். தண்ணீரை உளுந்து என்று எவன் எழுதுவான்? அதே மாதிரி காலை அழுத்திப் பார்த்து, குழியின் ஆழத்துக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று கழித்திருக்கிறார்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த ஈரத்தைப் பிடிக்கத்தான் எழுதவே சொன்னேன்."

அன்றைக்கே படுக்கையில் போட்டு, நீர் வடிய ஊசி ஏற்றினார்கள். தை வேலை கையைவிட்டுப் போயிற்று. ஊரார் மூட்டையில் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூடத் தப்பவிடாதவன், சொந்த உடம்பில் ஐந்து கிலோவைத் தப்பவிட்டேனே என்று தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது. யாரிடம் காட்டுவது? கஞ்சியைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை நர்ஸ் எடை பார்த்து அறுபத்து இரண்டு என்றாள். நோட்டைப் பிரித்தவர், பழக்கதோஷத்தில் கணுக்காலுக்குக் கையைக் கொண்டுபோனார். கோமதியம்மாள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளபடி எழுதுங்க. எனக்கு நீங்க ஈரத்தோடயே இருந்தாப் போதும்."

அவர் அறுபத்து இரண்டு என்று எழுதினார்.