இரண்டு பெட்டி உயரம்

காலை 5.50. வில்லியனூர் புறவழிச்சாலையில் தனசேகரின் ஒர்க் ஷாப்புக்கு முன்னால் முதலில் தெரிந்தவை, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்த இரண்டு நீல நிற மீன் பெட்டிகள். பக்கத்தில் ஒரு வெள்ளை பிக்கப். பெட்டிகளைக் கொண்டுவந்தவர் வண்டியின் சொந்தக்காரர் அஞ்சலாட்சி. மூர்த்திக்குப்பத்து மீன் வியாபாரி, வயது நாற்பத்தாறு. வண்டியை அவரே ஓட்டுகிறார்.

எங்கள் கோயம்புத்தூரில் தூக்கிக் கட்டிய வண்டியின் உயரத்தை இஞ்சில் சொல்வார்கள். மூர்த்திக்குப்பத்தில் மீன் பெட்டியில் சொல்கிறார்கள். முன் பம்பருக்கு அடியில் இரண்டு பெட்டி நுழைந்தால் அது ‘ரெண்டு பொட்டி வண்டி’. மணலில் இறங்கும் வண்டிகளில் அஞ்சலாட்சியுடையது ஒன்றுதான் அப்படி. தூக்கியவர் அவருடைய கொழுந்தனார் குமரேசன், வீட்டு வாசலில், ஒரே ஒரு ஸ்பேனரால்.

கோளாறும் அங்கேதான் தொடங்கியது. இந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. நீளமான இரும்புக் கம்பி முறுகி வில்லாக வேலை செய்கிறது. அதன் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் எழும்பும். இரண்டு பெட்டி நுழையும்வரை குமரேசன் இறுக்கிவிட்டார். வண்டி உயர்ந்தது, ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் நிற்கும்போதே கீழ் எல்லையில் போய் முட்டிவிட்டன. பள்ளம் வந்தால் சக்கரம் இறங்க இடமில்லை. அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுற்றும்.

போன வாரம் கடலோர மணல்மேடான கரைமேட்டில் அப்படித்தான் தொங்கியது. டிராக்டர் வந்து இழுத்தது. எட்டுப் படகுக்காரர்கள் அஞ்சலாட்சிக்கு மீன் தருவதே, வண்டி படகுக்குப் பக்கத்தில் வரும் என்பதற்காக. இன்றும் சிக்கினால் நாளை முதல் மீன் கடலூர் வியாபாரியின் டிராக்டரில் போகும் என்று சொல்லிவிட்டார்கள்.

தனசேகர் முந்தின நாளே மேல் ஆர்ம்களை மாற்றி, நீளமான ஷாக் அப்சார்பர்களைப் பூட்டியிருந்தார். இரண்டும் சேர்த்து 61,000 ரூபாய். இனி சக்கரம் இன்னும் கீழே இறங்க முடியும். மிச்சமிருந்த வேலை, போல்ட்டைத் தளர்த்துவது.

“ஒன்றரை இஞ்சு எறக்கறேங்கா.”

“எறக்கறியா? ஒசரத்துக்கோசரம்தானே இவ்ளோ பாடு! பொட்டி போவணும்பா.”

“பொட்டி போவணுமா, வண்டி போவணுமா?”

“ரெண்டும் போவணும்.”

“அப்ப இன்னாத்துக்கு எங்கிட்ட வந்த? உன் கொழுந்தன்கிட்டயே போக்கா. ஸ்பேனர் வச்சினு ஒக்காந்திருப்பாரு.”

அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. தனசேகர் ஜாக்கியை இழுத்துவந்தார். குமரேசன் தூக்கிய நிலையில், வண்டியை ஜாக்கியால் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தியதுமே சக்கரம் தரையை விட்டதாம். அந்த அளவை முந்தின நாள் மட்கார்டில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். இப்போது போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு மறுபடி உயர்த்தினார். ஒன்பது சென்டிமீட்டர் ஏறும்வரை சக்கரம் தரையிலேயே நின்றது. அங்கே இரண்டாவது கோடு.

அஞ்சலாட்சி இரண்டு கோடுகளுக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தார். பெட்டிகளைப் பார்த்தார்.

“இருக்கட்டும், வுடு” என்றார். பெட்டிகளை அவரே தூக்கிப் பின்னால் போட்டார்.

சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துக் கிளம்ப 7.10. நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மங்கலம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம். வேகத்தடைகளுக்கு அஞ்சலாட்சி வேகத்தைக் குறைக்கவேயில்லை. “மின்ன மாரின்னா இந்த எடத்துல பல்லு ஆடும் சார். இப்ப பாருங்க, டீ குடிச்சினே போலாம்.” பாகூரில் உண்மையாகவே டீ வாங்கினார், ஒன்று 12 ரூபாய். ஏரிக்கரை தாண்டும்வரை என் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். சிந்தவில்லை. வண்டியைத் தானே செய்தவர்போல ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

8.25. மூர்த்திக்குப்பம், மீட்டரில் 27 கிலோமீட்டர். சாலை முடியும் இடத்தில், மணலில் புதையாமலிருக்க டயர்களில் காற்றைப் பாதியாகக் குறைத்தார். முன்னால் கரைமேடு, அதன் குறுக்கே டிராக்டர் தடம் ஒன்று முழங்கால் ஆழத்துக்கு. போன வாரம் நின்ற இடம் அதுதான். கீழே எட்டுப் படகுகள், சற்றுத் தள்ளிக் கடலூர் டிராக்டர். குமரேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இடது முன்சக்கரம் தடத்துக்குள் இறங்கியது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். சக்கரம் மட்கார்டை விட்டு விலகிக் கீழே, இன்னும் கீழே போய், மணலைத் தொட்டுப் பிடித்தது. வண்டி ஒருமுறை சாய்ந்து, நடந்து வருவதுபோல மெதுவாக வெளியே வந்தது.

படகுக்குப் பக்கத்தில் நின்றதும் குமரேசன் பம்பரைச் சுற்றி வந்தார். “இன்னா அண்ணி, குள்ளமாயிட்டாப்ல கீது?” பின்னாலிருந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எல்லோரும் பார்க்க உள்ளே தள்ளினார். மேல் பெட்டி பம்பரில் இடித்து நின்றது. படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

“போச்சே அண்ணி! ஒன்றரைப் பொட்டி வண்டி!”

“ஆமாம்பா. அந்தப் பொட்டிய இன்னாத்துக்குக் காலியா வச்சினுகீற? மீன வாரிப் போடு.”

9.20க்கு வண்டி பாரத்தோடு அதே தடத்தில் ஏறியது. பாதியில் பின்பக்கம் அழுந்த, முன்சக்கரம் மறுபடி நீண்டு தரையைத் தேடியது. கிடைத்தது. மேட்டின் உச்சியில் அஞ்சலாட்சி திரும்பிப் பார்க்காமல் ஒருமுறை ஹாரன் அடித்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அப்போது பார்த்தது நான் மட்டும்தான். கன்னியக்கோயில் வரும்வரை அது மாறவில்லை.

நான் அங்கே பேருந்துக்கு இறங்கினேன். பின்னால் இருபத்து மூன்று பெட்டிகள். குமரேசன் பம்பரில் இடித்த பெட்டி அவற்றில் ஒன்று. அதில் சங்கரா மீன் இருந்தது.