ஐந்தாவது கடைசி நாடகம்

இது நடந்தது. நம்பாதவர்களைக் கெஞ்சுகிற பழக்கம் எனக்கில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கட்டுவதென்றால் நடுராத்திரி, இடி, மழை, நாய் ஊளை எல்லாம் சேர்த்து ஜோராகக் கட்டியிருப்பேன். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. அரங்கு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததோடு விடாமல், கை வேறு தட்டினார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது என் தோழிக்கு. பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில், எனக்குப் பக்கத்து மேஜை. அவள் வாழ்க்கைப்பட்டது ஒரு நாடகக் குடும்பத்தில். மாமனார்தான் குழுவின் கதாநாயகன். வயது எழுபத்தாறு. கதாநாயகனுக்கு அப்பாவா என்று கேட்காதீர்கள், கதாநாயகனேதான். முதல் காட்சியில் அவர் கல்லூரி மாணவன். தலையில் விக், வயிற்றை இறுக்கிக் கட்டிய பட்டை, முகத்தில் சுவருக்கு அடிப்பதுபோல மேக்கப். காதலியாக வரும் பெண்ணுக்கு இருபத்திரண்டு. இருவரும் கைகோத்து மரத்தைச் சுற்றும்போது யார் யாரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்பது முன்வரிசைக்கு நன்றாகவே தெரியும்.

அவருக்கு வசனம் நிற்பதில்லை. எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டும். வெளியாளைப் போட்டால் விஷயம் வெளியே போய்விடும் என்று வீட்டு மருமகளைப் பிடித்தார்கள். "ஒரு மாசம் மட்டும் பார்த்துக்கம்மா" என்றார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அந்த ஒரு மாசம் நாலு வருஷம் ஓடியது.

மேடையின் இடது ஓரத்தில், திரைக்கு உள்ளே, பலகையால் அடைத்த ஒரு பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு சின்ன விளக்கு, மேடையைப் பார்க்க ஒரு சதுர ஓட்டை. குழு எங்கே போனாலும் அந்தப் பெட்டியும் லாரியில் கூடவே போகும். அவள் அதில் உட்கார்ந்து பட்டனை அழுத்தி மைக்கில் சொல்லவேண்டும். மாமனாரின் வலது காதில், விக்குக்கு அடியில், மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவி. அதில் கேட்பதை அவர் அப்படியே சொல்வார். அப்படியே என்றால் அப்படியேதான். ஒருமுறை இவள் பட்டனிலிருந்து கையை எடுக்க மறந்து, "யாராவது அந்த ஃபேனைப் போடுங்களேன்" என்று சலித்துக்கொண்டாள். மேடையில் அவர் காதலியின் முகத்தைக் கையில் ஏந்தி, கண்ணில் நீர் மல்க, "யாராவது அந்த ஃபேனைப் போடுங்களேன்" என்றார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. காதில் விழுந்தால் வாயில் வரும், நடுவில் மூளைக்கு வேலை இல்லை என்று அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

அவளுக்கு முன்னால் அந்தப் பெட்டியில் பல வருஷம் இருந்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதையைக் கேளுங்கள். அவள்தான் குழுவின் முதல் கதாநாயகி. மாமனாரைவிட ஆறு வயது சின்னவள். முப்பத்தைந்து வயதில், ஓர் ஒத்திகையின்போது, அத்தனை பேர் முன்னிலையில் அவர் சொன்னார். "முகம் முத்திப்போச்சு. போதும், இறங்கு." அடுத்த நாடகத்தில் அவளுக்கு அவருடைய அக்கா வேஷம் கொடுத்தார்கள். பிறகு அம்மா வேஷம். பிறகு வேஷமே இல்லை. போக்கிடம் இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தாள். அவருக்கும், தன் இடத்துக்கு வந்த சின்னப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் கிசுகிசுவென்று வசனம் எடுத்துக்கொடுத்தாள். அப்போது கருவியெல்லாம் கிடையாது, வெறும் குரல்தான். தொண்டைக்காக வாயில் எப்போதும் கிராம்பு. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் நாக்கால் ஒரு சத்தம். த்ச். வசனம் வருகிறது, காதைத் தீட்டிக்கொள் என்று அர்த்தம். ஒருநாள் நாடகம் முடிந்து விளக்கைப் போட்டபோது அந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்து கிடந்தாள்.

இதெல்லாம் என் தோழி அங்கே வருவதற்கு முன்னால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் கடைசி நாடகம். சிரிக்காதீர்கள், அதற்கு முன்பே நாலு கடைசி நாடகம் நடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் முடிவில் மேடையின் முன்னுக்கு வருவார், விடைபெறுகிற மாதிரி தொண்டையைச் செருமுவார், "உங்களை விட்டு எங்கே போவேன்!" என்பார். கூட்டம் விசிலடிக்கும். அவ்வளவுதான், அடுத்த வருஷமும் மருமகளுக்குப் பெட்டிதான். ஆனால் இந்தத் தடவை அவரே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நிஜமாவே இறங்கிடறேம்மா, நீ உன் வேலைக்குப் போ" என்று சொல்லியிருந்தார். அதை நம்பி அவள் எங்கள் தலைமையாசிரியையிடம் பேசினாள். திங்கட்கிழமை காலையில் வந்து சேரவேண்டும், வராவிட்டால் வேறு ஆள். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

மேக்கப் அறைக்குப் போனால் அவள் புருஷன் ஃபோனில் டூர் பேசிக்கொண்டிருக்கிறான். மூன்று மாச டூர்.

"இன்னைக்குத்தானே கடைசி?" என்றாள்.

"கடைசின்னு போட்டாத்தான் டிக்கெட் போகும். கூட்டம் வருதுல்ல? விடு."

"என் வேலை?"

"அப்பாவே ஆசைப்படறார், நான் என்ன பண்ண?"

மாமனார் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாயே திறக்கவில்லை. அவளுக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. கிழத்துக்கு ஆசை அடங்கவில்லை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பெட்டிக்குப் போனாள். போகும்போதே முடிவுசெய்துவிட்டாள். காதில் விழுந்தால் வாயில் வரும், அவ்வளவுதானே? முடிவில் அவர் பேச வரும்போது, "இதுதான் என் கடைசி மேடை, நான் விடைபெறுகிறேன்" என்று காதில் போட்டுவிடுவது. அத்தனை பேர் முன்னால் சொன்னதை அப்புறம் யார் மாற்றமுடியும்?

நாற்காலியில் உட்கார்ந்தாள். சூடாக இருந்தது.

யாரோ இத்தனை நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போன சூடு. விளக்குக்காரன் உட்கார்ந்திருப்பான் என்று விட்டுவிட்டாள்.

திரை தூக்கினார்கள். முதல் வசனத்துக்குப் பட்டனை அழுத்தப் போனாள். அதற்குள் மாமனார் சொல்லிவிட்டார். தெளிவாக, கணீரென்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட இப்படி நடந்ததில்லை. புருஷன் ஓரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "அப்பா இன்னைக்குப் பின்றார்!"

அவள் கை பட்டனின்மேல் இல்லை. மைக்கின் சிவப்பு விளக்கும் எரியவில்லை.

அப்போதுதான் வாசனை வந்தது. கிராம்பு.

பெட்டிக்குள் தேடினாள். ஒன்றும் இல்லை. அவள் கிராம்பு வாயில் போடுகிறவளும் இல்லை.

அடுத்த வசனத்துக்கு முன்னால் ஒரு சத்தம்.

த்ச்.

பலகை வெடித்திருக்கும் என்று நினைத்தாள். மறுபடி கேட்டது. த்ச். உடனே மேடையில் வசனம். த்ச். வசனம். த்ச். வசனம். தன் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஓடினால் முடிவில் அவர் காதில் யார் சொல்வது? மூன்று மாச டூர். அப்புறம் இன்னொரு கடைசி நாடகம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பிடிவாதத்தை இன்றைக்கும் நான் மெச்சுகிறேன்.

நாடகம் முடிந்தது. மாமனார் முன்னுக்கு வந்தார். கைகூப்பினார். தொண்டையைச் செருமினார்.

அவள் பட்டனை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது என் கடைசி மேடை."

த்ச்.

அவர் வாய் திறந்தது. "இது என் கடைசி மேடை..."

அவளுக்கு மூச்சு வந்தது.

"...இல்லை!"

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

"நான் விடைபெறுகிறேன்," என்றாள் மைக்கில்.

"நான் விடைபெறுகிறேனா? எங்கே போவேன்?"

விசில்.

"மாமா, போதும். இறங்குங்க."

த்ச்... த்ச்...

"இறங்க மாட்டேன்," என்றார் மேடையில். வாய் சிரித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி மேக்கப்பில் கோடு போட்டது. "இறங்க... விடமாட்டேன்!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பாவிகள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

அவள் மைக்கின் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

பேசியபடி பெட்டியின் பக்கம் திரும்பினார். ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார்.

அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பின்னால்... அவள் தலைக்குச் சற்று மேலே.

கழுத்தில் மூச்சு பட்டது.

கிராம்பு மூச்சு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கையில் பலகை கிழித்த காயம் மட்டும் இருந்தது, அதை நானே பார்த்திருக்கிறேன்.

மேக்கப் அறையில் மாமனார் விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

"நான் சொன்னது கேட்டுதா?"

"கேட்டுதும்மா. வலது காதுல நீ." இடது காதைத் தொட்டுக் காட்டினார். அதில் கருவி இல்லை. எப்போதும் இருந்ததில்லை. "இதுல அவ."

அவள் சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

"நாலு தடவையும் இறங்கறேன்னு சொல்லத்தான் போனேன். எனக்கென்ன, முட்டி தேஞ்சுபோய் இந்த மரத்தைச் சுத்தணும்னு வேண்டுதலா? அவ சொல்றதுதான் வாயில வருது. வீட்ல சொல்ல வாயெடுத்தாலும் அவதான் பேசறா. உன்கிட்ட ஒரு தடவை எப்படியோ சொல்லிட்டேன்." மடியிலிருந்த விக்கின் முடியைக் கோதிவிட்டார். "அவ போன அன்னைக்கு டாக்டர் வந்து பார்த்தார். முதல் காட்சியிலேயே உயிர் போயிருக்குன்னார். எனக்குக் கடைசிக் காட்சி வரைக்கும் வசனம் வந்துதும்மா. ஒண்ணு தப்பல."

பயத்தையும் மீறி அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அவங்ககிட்ட ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டீங்களா?"

அவர் விழித்தார். யோசித்தார். "அதுக்கு யாரும் வசனம் எழுதித் தரலியே," என்றார்.

அடிக்கலாம்போல இருந்தது என்றாள் என்னிடம். எனக்கும்தான். மேடையில் எத்தனை பெண்கள் காலில் விழுந்து கதறியிருப்பார் இந்த மனிதர்! அக்காவின் கோபம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கோபம் என் தோழியையும் அல்லவா சேர்த்துப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தது?

கதவைத் தள்ளிக்கொண்டு புருஷன் வந்தான், முகமெல்லாம் பல். "அந்தக் கடைசி டயலாக் யாரோடது? அட்டகாசம்!"

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன்," என்றாள் அவள். "டூருக்கு வரமாட்டேன். அவரையும் கூட்டிட்டுப் போகாதீங்க."

"விளையாடறியா? அப்பாவுக்கு யார் எடுத்துக்கொடுக்கிறது?"

மாமனார் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "அதெல்லாம் ஆள் இருக்கு."

அவருடைய குரல்தான். ஆனால் அதற்கு முன்னால் அறையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டதாக அவள் சத்தியம் செய்கிறாள்.

திங்கட்கிழமை காலை எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். முழங்கையில் கட்டுடன். புருஷனிடமும் மாமனாரிடமும் எத்தனையோ முறை ஃபோனில் கெஞ்சிப் பார்த்தாள், போகாதீர்கள் என்று. லாரி கிளம்பிவிட்டது. பெட்டியும்தான்.

மூன்றாவது வாரம் அவளுக்கு ஃபோன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். புருஷனின் அழுகை எனக்கே கேட்டது.

"அப்பா போயிட்டார். நாடகம் முடிஞ்சு திரை விழுந்துது, அப்படியே சேர்ல உட்கார்ந்தவர் எழுந்திருக்கல. தொட்டா உடம்பு விறைச்சுக் கட்டையா இருக்கு."

"டாக்டர்?"

"அந்தாளுக்குப் பைத்தியம். உயிர் போய் மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்கிறார். நாடகமே ரெண்டரை மணி நேரம்தான்! மேடையில மரத்தைச் சுத்தி ஓடினாருடி, நான் பார்த்தேன். அந்தப் பொண்ணு மட்டும் ஏதோ உளறுது... முதல் காட்சியில கையைப் பிடிச்சப்பவே ஜில்லுன்னு இருந்துதாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பெட்டியில யார் இருந்தா?"

"யாரும் இல்ல. ஆளே கிடைக்கல. ஆனா ஒரு வசனம் தப்பல."

"முடிவுல பேசினாரா?"

"ம். முன்னாடி வந்து கைகூப்பினார். நான் வழக்கமா சொல்றதைத்தான் சொல்லப்போறார்னு நினைச்சேன். ரெண்டே வார்த்தைதான் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார்னு எனக்கு இன்னும் புரியல."

"என்ன சொன்னார்?"

"'போதும், இறங்கு'ன்னார்."